ஹவாய் தீவுகள்: 7 நாள் கப்பலா, 15 நாள் கப்பலா? கரையில் கிடைக்கும் நேரம் பற்றிச் சொல்லுங்கள்

வழிப்போக்கன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் அப்பா, அம்மா, மனைவி, 9 வயது மகள் என்று ஐந்து பேராக ஹவாய் போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு முழங்கால் வலி, படி ஏறி இறங்குவது சிரமம். இருவரும் விசிட்டர் விசாவில் வந்து எங்களோடு சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறார்கள்.

கையில் இரண்டு திட்டம் இருக்கிறது.

ஒன்று, ஹொனலுலுவுக்கு விமானத்தில் போய் அங்கே சனிக்கிழமை பிரைட் ஆஃப் அமெரிக்கா கப்பலில் ஏறி, 7 இரவு தீவுகளைச் சுற்றுவது. மவுயி, கவாயி தீவுகளில் இரவு தங்கல் உண்டு, அதாவது கப்பல் இரவும் கரையிலேயே நிற்கும்.

இரண்டாவது, இங்கே வீட்டுப் பக்கத்திலேயே ஏறி இங்கேயே இறங்குவது. 15 நாள். ஹிலோ காலை 8 முதல் மாலை 5, ஹொனலுலு காலை 7 முதல் இரவு 11, கவாயி 8 முதல் 5, மவுயி 8 முதல் 6, திரும்பும் வழியில் மெக்சிகோவின் என்செனாடா. விமானச் செலவே கிடையாது, ஒரு நாளுக்கு ஆகும் செலவும் குறைவு.

அப்பா இரண்டாவதுதான் வேண்டும் என்கிறார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று: கவாயியில் இருக்கும் ‘இறைவன் கோயில்’ என்ற சிவன் கோயில். மகளுக்கு எரிமலை பார்க்க வேண்டும். இரண்டு பட்டியலிலும் கிட்டத்தட்ட அதே ஊர்கள்தான். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

நெய்தல்

ஊர்ப் பெயர்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு காகிதம் எடுத்து ஒவ்வொரு ஊருக்கும் மூன்று நேரம் எழுதுங்கள். கப்பல் கரை சேரும் நேரம், நீங்கள் நிஜமாகவே காரில் உட்காரும் நேரம், கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய கடைசி நேரம். கப்பல் 5 மணிக்குக் கிளம்பும் என்றால் ஆல் அபோர்டு, அதாவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கடைசி நேரம், பெரும்பாலும் 4:30. பெரியவர்கள் உடன் இருந்தால் 4 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிரைட் ஆஃப் அமெரிக்காவில் போனபோது அட்டவணை இப்படி இருந்தது. மவுயியில் ஞாயிறு காலை 8 முதல் திங்கள் மாலை 6 வரை. ஹிலோவில் செவ்வாய் 8 முதல் 6. கோனாவில் புதன் 7 முதல் 5:30. கவாயியின் நாவிலிவிலி துறைமுகத்தில் வியாழன் காலை 10 முதல் வெள்ளி மதியம் 2 வரை. கூட்டினால் 82 மணி 30 நிமிடம். பயணச்சீட்டு போடும்போது கண்ணில் படுவது இந்தப் பெரிய எண்தான்.

இப்போது தூங்கும் நேரம், இருட்டு, இறங்கும் வரிசை, கார் எடுக்கும் வரிசை எல்லாவற்றையும் கழியுங்கள். மவுயியில் சுமார் 19 மணி மிஞ்சும். ஹிலோவில் 8:30. கோனாவில் கரைக்கு டெண்டர் என்ற சின்னப் படகில் போக வேண்டும் என்பதால் 7:30. கவாயியில் இரண்டு நாளும் சேர்த்து 13:30. ஆக 48 மணி 30 நிமிடம்.

உங்கள் 15 நாள் கப்பலுக்கும் அதே மாதிரி போட்டுப் பார்த்தேன். ஹிலோ 7, ஹொனலுலு 12, கவாயி 7, மவுயி 7:30. மொத்தம் 33:30. இதில் ஹொனலுலுவின் 12 மணி நேரத்தை எடுத்துவிட்டால் மற்ற மூன்று தீவுகளுக்குச் சேர்த்து 21:30 தான். 7 நாள் கப்பலில் ஏறுபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே போய் ஹொனலுலுவைப் பார்த்துவிட முடியும், அதனால்தான் அதைத் தனியாக எடுத்தேன்.

பாதி நாட்களில் இரண்டு மடங்குக்கும் மேலான கரை நேரம். தீவு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் எனக்கு இதில் யோசிக்க எதுவும் இல்லை.

பழைய மாலுமி

தம்பி, நெய்தல் போட்ட கணக்கு சரி. அது ஏன் அப்படி இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டால் அட்டவணையைப் படிக்க எளிதாக இருக்கும்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலு சுமார் 2,100 கடல் மைல். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் ஓடினாலும் 105 மணி நேரம், அதாவது நாலு நாளும் சொச்சமும். போக நாலு, வர நாலு அல்லது ஐந்து. 15 நாளில் அதைக் கழித்தால் மிஞ்சுவதைத்தான் தீவுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். இரவு தங்கினால் ஒரு நாள் கூடும், அதற்கு இடமில்லை. அதனால்தான் காலை 8, மாலை 5.

என்செனாடா எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். 1886-ல் வந்த அமெரிக்கப் பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. கிளம்பிய இடத்துக்கே திரும்பும் பயணம் என்றால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். பெரும்பாலான சுற்றுலாக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுபவை. ஆகவே ஹவாய் போய் வரும்போது மெக்சிகோவில் ஒரு நிறுத்தம். அது உங்களுக்காக வைத்தது இல்லை, சட்டத்துக்காக வைத்தது. அங்கே சில மணி நேரம்தான் நிற்பார்கள்.

பிரைட் ஆஃப் அமெரிக்கா அமெரிக்கக் கொடியில் ஓடுவது. அந்தக் கப்பலை மிசிசிப்பியில் கட்டத் தொடங்கி, பாதியில் ஜெர்மனிக்கு இழுத்துப் போய் பிரேமர்ஹாஃபனில் முடித்தார்கள். 2004 ஜனவரியில் கட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே புயலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கி, அப்புறம் எழுப்பி, 2005-ல் ஓட விட்டார்கள். வெளிநாட்டில் முடித்த கப்பலுக்கு அமெரிக்கக் கொடி கிடைக்க அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக விலக்கு கொடுத்தது. வாரா வாரம் தீவு விட்டுத் தீவு போய் இரண்டு இரவுகள் கரையிலேயே கட்டி நிற்க முடிவது இந்தக் கொடியால்தான். கடலில் வீணாக்க நாள் இல்லை, வெளிநாட்டுத் துறைமுகமும் தேவையில்லை.

இன்னொன்று. வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் போகும்போது மனம் மாறி ‘ஹொனலுலுவிலேயே இறங்கி விமானத்தில் வீட்டுக்குப் போய்விடுகிறோம்’ என்று சொல்ல முடியாது. அதே சட்டம்தான் தடுக்கும். வயதானவர்களோடு போகும்போது இதை மனதில் வையுங்கள்.

உங்கள் சீட்டில் மவுயி என்றால் எந்தத் துறைமுகம், கஹுலுயியா என்று பாருங்கள். பழைய பயணக் குறிப்புகளில் லஹைனாவில் டெண்டரில் இறங்கி நடந்தே ஊர் பார்த்தோம் என்று நிறைய இருக்கும். 2023 ஆகஸ்ட் 8-ல் நடந்த தீயில் அந்த ஊர் எரிந்துபோனது. அந்தக் குறிப்புகளை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

வழிப்போக்கன்

மாலுமி ஐயா, மிக்க நன்றி. கஹுலுயி என்றுதான் இருக்கிறது. இந்தச் சட்ட விவரம் எனக்குத் தெரியவே தெரியாது. நடுவில் இறங்க முடியாது என்பது அப்பாவின் உடல்நிலைக்குப் பெரிய விஷயம், அவரிடம் சொல்கிறேன்.

காம்பஸ்

எதற்குக் கப்பல்? தீவுக்குத் தீவு விமானத்தில் 40 நிமிடம்தான். இரண்டே தீவு எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நாலு இரவு தங்குங்கள். ஆல் அபோர்டும் இல்லை, வரிசையும் இல்லை. எரிமலைப் பூங்காவில் சாயங்காலம் இருட்டும் வரை நிற்கலாம். கப்பல்காரர்கள் யாருக்கும் அது கிடைக்காது.

தாழம்பூ

காம்பஸ் சொல்வது இளம் ஜோடிக்குச் சரி. நான் என் மாமியாரையும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு அப்படித்தான் மூன்று தீவு போனேன். ஐந்து பெட்டி. ஒவ்வொரு தீவு மாறும்போதும் அறையைக் காலி செய்வது, கார் திருப்பிக் கொடுப்பது, பாதுகாப்புச் சோதனையில் மாமியாரின் செருப்பு, மாத்திரைப் பை, ஊன்றுகோல். 40 நிமிட விமானத்துக்கு அரை நாள் போயிற்று. மூன்றாவது தீவில் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த முறை கப்பலில் போனோம். பெட்டியை ஒரு முறை பிரித்தோம், ஒரு முறை கட்டினோம். அவர் மதியம் வந்து தன் கட்டிலிலேயே படுத்துக்கொண்டார், நாங்கள் மறுபடி வெளியே போனோம். இரவு தங்கல் இருக்கும் ஊரில்தான் அது நடக்கும். ஒரு நாள் நிறுத்தத்தில் நடுவில் திரும்பி வந்தால் அன்றைய நாள் முடிந்த மாதிரிதான்.

முழங்கால் வலி இருக்கும் அம்மாவுக்கு நான் சொல்வது இந்த ஒரு வசதிக்காகவே இரவு தங்கல் உள்ள கப்பல்.

ஈரக்காற்று

கோனா பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அங்கே பெரிய கப்பல் கட்ட மேடை கிடையாது. கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன டெண்டர் படகில் ஆட்களை இறக்குவார்கள்.

நான் போனது வேறு ஒரு கப்பலில். காலை 8 மணிக்கு வந்துவிட்டது. எங்களுக்குக் கொடுத்த எண் 14. அரங்கத்தில் உட்கார்ந்து எண் கூப்பிடக் காத்திருந்தோம். 9:40-க்குத்தான் கூப்பிட்டார்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே படகு. அலை வரும்போது படகின் விளிம்பு கதவுக்குச் சமமாக ஏறும், அடுத்த நொடி ஒரு முழம் இறங்கும். இரண்டு பக்கமும் ஆள் நின்று முழங்கையைப் பிடித்து ‘இப்போது’ என்று சொல்லும்போது காலை வைக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பாட்டி மூன்று முறை காலை எடுத்து மூன்று முறையும் பின்வாங்கினார். அப்புறம் போகவே இல்லை, திரும்பி லிஃப்டுக்குப் போய்விட்டார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நாங்கள் கரை சேரும்போது 10:15. பதிவு செய்திருந்த வேன் 9:30-க்கே போய்விட்டது. அவர்கள் பணத்தைத் திருப்பித் தரவில்லை, கப்பலும் பொறுப்பு ஏற்கவில்லை. திரும்பும்போது வெயிலில் 50 நிமிடம் வரிசை.

ஆகவே டெண்டர் ஊரில் முன்பணம் கட்டி எதுவும் ஏற்பாடு செய்யாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால் கப்பலே நடத்தும் சுற்றுலாவை எடுங்கள், அவர்களை முதல் படகுகளில் இறக்குவார்கள். கடல் கொந்தளித்தால் அந்த நிறுத்தமே ரத்தாகும், அதையும் எதிர்பார்த்திருங்கள். அம்மாவால் இறங்க முடிந்தால் ஒரு நல்ல விஷயம் உண்டு. படகு கொண்டு விடும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே 1837-ல் கட்டி முடித்த எரிமலைக் கல் தேவாலயமும், எதிரே ஹுலிஹேயே அரண்மனையும் இருக்கின்றன. கார் வேண்டாம். கடற்கரையோரம் உட்கார்ந்தாலே போதும்.

வழிப்போக்கன்

ஈரக்காற்று, அந்தப் பாட்டியைப் படித்ததும் என் அம்மாதான் கண் முன்னால் வந்தார். அன்றைக்கு அம்மா கப்பலிலேயே இருக்கட்டும் என்று இப்போதே வீட்டில் பேசிவிட்டேன். முன்கூட்டியே தெரிந்தால் வருத்தம் இல்லை என்று அவரே சொல்கிறார்.

சரி, கோயில் பற்றி யாருக்காவது தெரியுமா? அதுதான் எங்கள் வீட்டில் முதல் விஷயம்.

கரும்பாறை

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். வைலுவா ஆற்றுப் பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949-ல் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970-ல் தொடங்கிய ஆதீனம். உள்ளே கடவுள் கோயில் என்று நடராசர் சன்னிதி 1973 முதல் இருக்கிறது. இறைவன் கோயில் அப்புறம் வந்தது. கணபதி ஸ்தபதி வரைந்து கொடுத்தது, பெங்களூர் அருகே சிற்பிகள் உளியும் சுத்தியும் வைத்துக் கையாலேயே செதுக்கிய வெள்ளைக் கருங்கல், துண்டு துண்டாகக் கப்பலில் வந்து கோத்தது. 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. மூலவர் 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம். பசிபிக் நடுவில் சோழர் பாணிக் கருங்கல் விமானத்தை அண்ணாந்து பார்க்கும்போது தொண்டை அடைக்கும். மிகையாகச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பார்வையாளர்களுக்குக் காலை 9 முதல் 12 வரைதான். 9 மணிக்குப் பூசை. முன்பதிவு வேண்டும், அவர்கள் இணையதளத்தில் அந்தந்த நாள் விவரம் இருக்கும். அது மடம், சுற்றுலா இடம் இல்லை. அதனால் அவர்கள் வைத்த நேரத்துக்குத்தான் நாம் போக வேண்டும்.

7 நாள் கப்பல் வியாழன் காலை 10 மணிக்கு நாவிலிவிலி வருகிறது. இறங்கி, கார் எடுத்து, போய்ச் சேரும்போது 11:15 ஆகிவிடும். பூசை போயிற்று, ஓட்டமாக ஓடிப் பார்க்க வேண்டும். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக் காலையும் உங்களுடையது. 8:15-க்குக் கிளம்பினால் 9 மணிப் பூசையில் உட்காரலாம். துறைமுகத்திலிருந்து சாதாரணமாக 20 நிமிடம், காலை நெரிசலில் அரை மணிக்கும் மேல். 11:30-க்கு வெளியே வந்தால் கார் திருப்பிக் கொடுத்து 12:45-க்குக் கப்பலில் இருக்கலாம். ஆல் அபோர்டு 1:30.

15 நாள் கப்பல் 8 மணிக்கு வருகிறது. எல்லாம் சரியாக நடந்தால் 9:30-க்குப் போய்ச் சேர்வீர்கள். கப்பல் அரை மணி தாமதம், இறங்க அனுமதி தாமதம், கார் வரிசை என்று ஒன்று பிசகினாலும் பூசை இல்லை. அதற்கு மாற்றாக இன்னொரு காலையும் இல்லை. அம்மா இதற்காகவே வருகிறார் என்றால் நான் அப்படி ஒரே ஒரு காலையை நம்பமாட்டேன்.

வெளியே ருத்ராட்ச மரங்கள் நட்ட தோப்பு இருக்கிறது. மகளிடம் காட்டுங்கள். பழம் நல்ல நீல நிறத்தில் இருக்கும், உள்ளே கொட்டை. நாம் கழுத்தில் போடுவது அதுதான் என்று சொன்னால் குழந்தைகள் நம்புவதில்லை.

நெய்தல்

கரும்பாறை சொன்னதுதான் நான் சொல்ல நினைத்ததும். எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த மணி நேரம் என்பதும் முக்கியம். மவுயிக்கும் அதே கதை.

அங்கே இருக்கும் ஹலேயாகலா மலையின் பெயருக்குச் சூரியனின் வீடு என்று பொருள். உயரம் 3,055 மீட்டர். அங்கே சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்றால் அதிகாலை 3 மணிக்குள் கப்பலை விட்டுக் கிளம்ப வேண்டும், காரில் மலையேற ஒன்றரை மணி நேரம். காலை 8 மணிக்கு வரும் கப்பலில் அது நடக்கவே நடக்காது. மவுயியில் இரவு தங்கும் கப்பலில் இரண்டாம் நாள் நடக்கும். உதயத்துக்குக் காருக்கு முன்பதிவு கட்டாயம், 60 நாள் முன்பு திறக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலே உறைநிலையை ஒட்டிய குளிர், கப்பலின் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தேன். இதய நோய் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் அந்த உயரம் வேண்டாம். முதல் நாள் ஸ்கூபா முக்குளித்தவர்களும் 24 மணி நேரத்துக்குப் போகக் கூடாது.

ஹானா சாலை இன்னொன்று. 52 மைல்தான், ஆனால் 620 வளைவு, 59 பாலம், அதில் பெரும்பாலானவை ஒரு வண்டி மட்டும் போகக் கூடியவை. நிற்காமல் போனாலே இரண்டரை மணி நேரத்துக்கு மேல். கப்பல் கிளம்பும் நாளில் தயவு செய்து போகாதீர்கள். ஒரு விபத்து வழியை அடைத்தால் சுற்றிப் போக நம்பகமான வேறு வழி இல்லை. முதல் நாள் போங்கள், தாமதமானாலும் கப்பல் அங்கேயே நிற்கும்.

காம்பஸ்

எரிமலைக்கு என்ன பதில்? குழந்தை கேட்டது அதைத்தானே.

பழைய மாலுமி

நியாயமான கேள்வி. ஹிலோவிலிருந்து எரிமலைப் பூங்கா சுமார் 30 மைல், முக்கால் மணி நேரம். இரண்டு கப்பலிலும் பகலில் போய் வரலாம். நிலத்திலிருந்து வரும் நீராவி, எரிமலைக் குழம்பு ஓடி உண்டான நஹுக்கு குகை, கிலாவேயா இக்கி பள்ளம், எல்லாம் பார்க்கலாம். நெருப்பு மட்டும் உறுதி இல்லை. கிலாவேயா எரிமலை 2024 டிசம்பர் 23 முதல் விட்டு விட்டுப் பொங்குகிறது. சில மணி நேரம் பொங்கும், அப்புறம் நாட்கணக்கில் அடங்கும். எந்தக் கப்பல் அட்டவணையும் அதற்கு ஒத்துப் போகாது. சிவப்பு ஒளி தெரிவதோ இருட்டிய பிறகு. மாலை 6 மணிக்குக் கிளம்பும் கப்பலில் அந்த வாய்ப்பு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் காம்பஸ் சொல்வது முழுக்கச் சரி. கப்பலுக்கு முன்போ பின்போ ஹிலோ இருக்கும் தீவில் இரண்டு இரவு வையுங்கள்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் போகிறவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், ஹிலோவில் அப்போது மெர்ரி மோனார்க் என்ற ஹூலா நடன விழா நடக்கும். கார் கிடைப்பது கஷ்டம்.

சுக்கான்

எல்லோரும் 7 நாள் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். அப்பா பக்கம் பேச ஒருவர் வேண்டாமா? நான் என் அப்பாவோடு 15 நாள் கப்பலில் போனேன்.

முதல் இரண்டு நாள் அவர் பேசவில்லை. தளத்தில் நாற்காலி போட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தானாகவே ஆரம்பித்தார். 19 வயதில் வேலை தேடி வீட்டை விட்டுப் போனது, முதல் சம்பளத்தில் தன் தங்கைக்கு வாங்கிய கடிகாரம், நான் பிறந்த இரவில் மழையில் சைக்கிளில் வந்தது. 44 வருடத்தில் எனக்குத் தெரியாத விஷயங்கள். தொலைபேசி இல்லை, கிளம்ப வேண்டிய இடம் இல்லை. மேற்கே போகப் போக இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொல்வார்கள், நாள் நீண்டுகொண்டே போகும். திரும்பும்போது அந்த மணி நேரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வயதானவர்களுக்குத் தூக்கம் கெடும்.

அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஹிலோவில் என்ன பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. அந்த நாற்காலி நினைவிருக்கிறது. உங்கள் அப்பா ஏன் கடல் கேட்கிறார் என்று ஒரு முறை அவரிடமே கேளுங்கள்.

தாழம்பூ

சுக்கான், படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரட்டைவால்

விசா பற்றி ஒரு வரி. 7 நாள் கப்பல் அமெரிக்காவை விட்டு வெளியே போவதில்லை, ஆனாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். 15 நாள் கப்பல் மெக்சிகோ தொட்டுத் திரும்பும்போது குடிவரவுச் சோதனை உண்டு. அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். பெற்றோரின் விசா பலமுறை நுழைவதற்கானதா என்று பாருங்கள். உங்களில் யாருக்காவது வேலை விசா முத்திரை காலாவதியாகிப் புதுப்பிக்காமல் இருந்தால், பணம் கட்டும் முன்பே வழக்கறிஞரிடம் கேளுங்கள். கப்பலில் ஏற்றாமல் போகலாம், அந்த நிலை வரக் கூடாது.

வழிப்போக்கன்

சுக்கான் அண்ணா சொன்னபடி அப்பாவிடம் கேட்டேன். திமிங்கலம் பார்க்க வேண்டும் என்றார்! சின்ன வயதில் ராமேஸ்வரத்தில் ஒரு படகுக்காரர் சொன்ன கதையாம், நேரில் பார்த்ததே இல்லையாம். ‘15 நாள் கடலில் இருந்தால் ஒன்றாவது வராதா’ என்று நினைத்திருக்கிறார்.

பழைய மாலுமி

அப்படியானால் அப்பா கேட்பதும் மவுயிதான். கூன்முதுகுத் திமிங்கலங்கள் அலாஸ்காப் பக்கத்திலிருந்து குட்டி போட ஹவாய்க்கு வரும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இருக்கும், பிப்ரவரி உச்சம். மவுயியைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலில்தான் கூட்டம் அதிகம். நடுக்கடலில் நாலு நாள் பார்த்தாலும் ஒன்றும் தென்படாமல் போகலாம். மவுயியில் இரண்டு பகல் இருக்கிறதே, ஒரு நாள் காலையில் படகில் கூட்டிப் போங்கள். காலையில் காற்று குறைவு. படகு 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது என்பது சட்டம், அந்தத் தூரமே போதும்.

கப்பலில் நடுப்பகுதியில் கீழ்த்தள அறையாக எடுங்கள். மவுயியிலிருந்து ஹிலோ போகும் இரவில் அலேனுயிஹாஹா கால்வாய் ஆட்டம் காட்டும்.

வழிப்போக்கன்

முடிவு செய்துவிட்டோம். முதலில் விமானத்தில் ஹிலோ, எரிமலைப் பக்கம் இரண்டு இரவு. அப்புறம் ஹொனலுலு போய் 7 நாள் கப்பல். ஹிலோ நிறுத்தத்தில் இரண்டாம் முறை ஓட வேண்டாம், அன்று ஊருக்குள் ரெயின்போ அருவியோடு நிறுத்திக்கொள்கிறோம். கோனாவில் அம்மாவும் அப்பாவும் கப்பலிலேயே. செலவு 15 நாளை விடக் கொஞ்சம் கூடுதல்தான். எல்லோருக்கும் நன்றி, போய் வந்து எழுதுகிறேன்.

வழிப்போக்கன்

போய் வந்துவிட்டோம். எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்.

எரிமலை அந்த இரண்டு இரவும் அடங்கியிருந்தது. நெருப்பு இல்லை. இருட்டில் விளிம்பில் நின்றபோது நீராவி மட்டும் நிலா வெளிச்சத்தில் தெரிந்தது. மகள் ஏமாந்துபோவாள் என்று பயந்தேன், அவள் குகையிலிருந்து வெளியே வர மறுத்ததுதான் நடந்தது.

மவுயியில் இரண்டாம் நாள் காலை அப்பாவைத் திமிங்கலப் படகில் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சுமார் 200 கெஜத்தில் முதலில் மூச்சுச் சத்தம் வந்தது, பெரிய குழாயில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி. தாயும் குட்டியும். அப்பா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

கோனாவில் டெண்டர் ஓடியது. நாங்கள் மூவர் போய் வந்தோம், ஈரக்காற்று சொன்ன அதே வரிசை. பெரியவர்கள் தளத்தில் உட்கார்ந்து எங்கள் படகைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

கவாயியில் வியாழன் வைமியா பள்ளத்தாக்கு. வெள்ளி காலை 8:10-க்குக் கிளம்பி 8:50-க்குப் போய்ச் சேர்ந்தோம். கப்பாவுக்குப் போகும் சாலையில் நெரிசல், கரும்பாறை சொன்னது மாதிரியே. அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த பட்டுப் புடவையைக் கட்டியிருந்தார். அமெரிக்கத் துறவி ஒருவர் சமஸ்கிருதத்தில் பூசை செய்ய, முடிந்ததும் அம்மா தன் பாட்டுக்குத் தேவாரம் பாட ஆரம்பித்தார். மெதுவாகத்தான். பக்கத்தில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்து, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பதிகம் முழுவதும் பாடினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், 10:05. இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ‘இன்னொன்று பாடு அம்மா’ என்றேன்.

12:40-க்குக் கப்பலில் இருந்தோம். 2 மணிக்குக் கிளம்பி நா பாலி மலைகளை ஒட்டிப் போனபோது எல்லோரும் மேல்தளத்தில் நின்றோம், அம்மா மட்டும் நாற்காலியில். கையில் ஒரு ருத்ராட்சப் பழம். நீலமாகத்தான் இருந்தது.